நேசம்மா மச்சாள் பார்த்து நட்டது

செய்தி வந்தபோது நான் பஸ் நிலையத்தில், நேரக்காப்பாளர் மேசையில் இருந்து, கல்முனை பஸ்ஸுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி. தொலைபேசியில் என் மனைவி சாந்தி.

"அக்கா வயல் வரம்பில விழுந்து கிடந்தாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

ஒன்பது மணிக்கு விழுங்கிய மாத்திரையின் கசப்பு இன்னும் என் நாக்கில் இருந்தது. ஏழு வருடமாக ஒருநாளும் தவறவிடாத மாத்திரை அது. நேசம்மா மச்சாள் எனக்குத் தந்த சிறுநீரகத்தை என் உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் இருப்பதற்கான மருந்து. தந்தவர் வரம்பில் கிடந்த நேரத்தில் நான் அதைத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறேன். பஸ்ஸை அனுப்பிவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் தவறான வரியில் கையொப்பம் இட்டுவிட்டு, வெல்லாவெளிக்குப் புறப்பட்டேன்.

மச்சாளை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் என் மனைவியின் மூத்த சகோதரி. இளவயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. சொந்த வயலில் தானே இறங்கி வேலை செய்தவர். குரல் பெரிது. வட்டையின், அந்தப் பெரிய வயல்வெளியின், இந்தக் கரையில் நின்று அவர் கூப்பிட்டால் அந்தக் கரையில் மேயும் மாடு தலை நிமிரும். அவருடைய கேலிக்கு ஆளாகாதவர் வெல்லாவெளியில் இல்லை. அதிகம் ஆளானவன் நான்.

நான் அமிர்தகழிக்காரன். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்குப் போய் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித்தான் முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு சூட்கேசோடு வெல்லாவெளிக்கு வந்தேன். வாவியில் பிடிபடும் மீன்களின் பெயரெல்லாம் தெரியும். வயலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் குணமும் அப்போது என்னிடம் இல்லை.

இங்கே நெல்லை வீசி விதைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். வீசினால் ஓரிடத்தில் நெருக்கமாக முளைக்கும், இன்னோரிடம் வெறுமையாகக் கிடக்கும். சில கிழமைகள் கழித்து நெருக்கமான இடத்தில் பிடுங்கி, வெறுமையான இடத்தில் நட்டு நிரப்புவார்கள். முதல் வருடம் அந்த வேலைக்கு என்னையும் மச்சாள் கூட்டிப் போனார். புது மாப்பிள்ளைக்குத் தன் திறமையைக் காட்ட வேண்டாமா? ஒரு பகல் முழுக்கக் குனிந்து, ஒரு பெரிய வெற்றிடத்தை வரிசை வரிசையாக நிரப்பினேன். அவ்வளவு நேர்த்தியாக அந்த வட்டையில் யாரும் நட்டிருக்க மாட்டார்கள்.

பத்து நாள் கழித்து மச்சாள் வீட்டு வாசலில் வந்து நின்று, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு சாந்தியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாகா! உன்ட மனிசன் நட்டது நெல்லில்ல. அம்புட்டும் புல்லு!"

நெல்லைப் போலவே முளைக்கும் ஒரு புல் உண்டு. அதைத்தான் பிடுங்கி, வேர் அறாமல், பிள்ளையைத் தொட்டிலில் வைப்பதுபோல் நட்டிருக்கிறேன். அன்றிலிருந்து வெல்லாவெளியில் நான் 'புல்லு நட்ட மாப்பிள்ளை'. எனக்கு நல்ல கோபம். இரண்டு மாதம் மச்சாளோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து வரம்புக்கு இழுத்துப் போய், இரண்டு பயிர்களைப் பிடுங்கி நீட்டினார்.

"இலையும் தண்டும் சேர்ற இடத்தைப் பாருங்க மச்சான். இதில சின்ன நாக்குப் போல ஒண்டு கிடக்கு. அது நெல்லு. மற்றதில ஒண்டும் இல்ல, மொட்டை. அது உங்கட ஆள்."

சிரித்துவிட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தத்தைச் சுத்திகரித்து உயிரோடு வைத்திருந்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். சாந்திக்கு நீரிழிவு, சீனி வருத்தம்; அவளிடம் எடுக்க முடியாது. அப்போது நாங்கள் ஒரு தவறு செய்தோம். மட்டக்களப்பாருக்கு மட்டுமே வரக்கூடிய தவறு.

எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரு குடிக்காரர் எல்லாரும் ஒரே இரத்தம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே என் அண்ணன் அமிர்தகழியில் எங்கள் குடிக்காரரை வீடு வீடாகத் தேடினார். "நம்மட குடியில ஆருடையதும் பொருந்தும். ஒரே இரத்தம்தானே," என்றார். நல்ல மனிதர்கள், ஒன்பது பேர் முன்வந்தார்கள். சிலருக்கு இரத்த வகையே ஒத்துவரவில்லை. சிலருக்குப் பிரஷர். எஞ்சிய இருவரும் கடைசிப் பரிசோதனையில் பொருந்தாமல் போனார்கள். இப்படியே ஐந்து மாதம் போயிற்று. அதற்குள் நான் பாதி ஆளாகிவிட்டேன்.

வேறு குடியில் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. மச்சாளுடைய குடி வேறு. வேறாக இருந்ததால்தானே அவர் தங்கையை நான் கலியாணம் முடிக்க முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் அவர் ஒரு காலை பஸ் ஏறிப்போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஐஞ்சு மாசமா உங்கட குடிக்குள்ளயே சுத்தினீங்க. எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? கலியாணம் முடிக்க எங்கட குடி வேணும், கிட்னிக்கு வேணாமா?"

நான் மறுத்தேன். வெட்கமும் பயமும். தனியாக நின்று வயல் செய்கிற ஒரு பெண்ணின் உடம்பில் இருந்து பிடுங்கி எனக்கு வைப்பதா? அதைச் சொன்னேன். மச்சாளுக்குக் கோபம் வந்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

"நிறையக் கிடக்கிற இடத்தில புடுங்கி, இல்லாத இடத்தில நடுறம். வருசா வருசம் செய்யிற வேலை. புடுங்கின இடம் பாழாப் போனதைக் கண்டீங்களா? சும்மா இருங்க. இந்த முறை நான் பாத்து நடுறன்."

கொழும்பில், யாரும் நெருக்கித் தரச் சொல்லவில்லை என்று உறுதிசெய்ய ஒரு குழு அவரை விசாரித்தது. "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா அம்மா?" என்று கேட்டார்கள். "ஓம்," என்றாராம் மச்சாள். கேட்டவர்கள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "வேணாம், தராதீங்க எண்டு மச்சான்தான் வற்புறுத்தினார்."

சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து என் அறைக் கதவு வரை வந்தார். முகத்தை மூடிக் கட்டியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அந்தச் சொல்லைச் சொன்னா திருப்பிக் கேப்பன்," என்றார். பிறகு கேலி இல்லாத குரலில் ஒன்றைக் கேட்டார். "இனிச் சேத்துக்குள்ள கால் வைக்கப்படா. எலிக்காய்ச்சல் வந்தா உங்களுக்குத் தாங்காது எண்டு டொக்டர் சொல்றார். நான் தந்ததைப் பட்டுப்போக விடாதீங்க மச்சான். அது மட்டும் போதும்."

அந்த வாக்கை ஏழு வருடம் காப்பாற்றினேன். ஊர் முழுக்க வயலுக்குள் நிற்கும் பருவத்தில் நான் வரம்பில் குடையோடு நிற்பேன். "எங்கட குடி வரம்பில காத்து வாங்குது," என்று சேற்றுக்குள் நின்று கத்துவார். கோயிலில் தங்கள் குடியின் திருவிழா வந்தால், "வாங்க, கால்வாசி ஆள் எங்கட பக்கம்," என்று கூப்பிடுவார். நான் சிரித்துக்கொண்டு தூரத்தில் நிற்பேன். முப்பத்தொரு வருடம் வாழ்ந்த ஊரில் அன்றைக்கு மட்டும் நான் வந்தேறிய மாப்பிள்ளை. அவர் கூப்பிட்டபோது ஒரு தரமாவது போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

செத்தவீட்டில் சனம் நிறைந்திருந்தது. சனக்கூட்டம் எனக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் நின்றேன். கட்டிப்பிடித்து அழவும் முடியாது. மாரடைப்பு என்றார் வைத்தியர். "அந்தச் சத்திரசிகிச்சைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை ஐயா," என்று நான் கேட்காமலே சொன்னார். நம்புகிறேன். சில வேளைகளில் நம்ப முடியவில்லை.

வாய்க்கரிசி போடக் குடிக்காரரை முதலில் அழைத்தார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். கோயிலில் அவர்களுடைய குடிக்குப் பொறுப்பாக நிற்கும் வண்ணக்கர், எண்பது வயது கடந்தவர், அரிசித் தட்டோடு சனத்தை விலக்கிக்கொண்டு படலை வரை வந்துவிட்டார்.

"ஏன் மனே இஞ்ச நிக்கிறாய்? நேசம்மாட மிச்சம் உன்னட்டத்தானே கிடக்கு. உனக்கில்லாத உரிமையா? வா."

போனேன். அரிசி மச்சாளுடைய வயலில் விளைந்தது. போட்டேன். திருப்பிக் கேட்க இனி அவர் இல்லை என்ற துணிவில் நன்றி என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழுதேன். திருப்பிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் சாந்தியும் நானும் வயலுக்குப் போனோம். அக்கா விட்ட இடத்தைத் தான் நடப்போவதாக அவள் சொன்னாள். நீளமாக இருந்த ஒரு வெற்றிடத்தில் பாதியை மச்சாள் நிரப்பியிருந்தார். கடைசி வரிசை நடுவிலேயே நின்றிருந்தது. அவர் பிடுங்கி வைத்த பயிர் வரம்பில் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றினேன். சாந்தி என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டேன்.

அவள் இறங்கி, நெருக்கமான இடத்தில் பிடுங்கிய பயிரை ஒவ்வொரு பிடியாக என்னிடம் நீட்டினாள். நான் கையுறையோடு வரம்பில் குந்தியிருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பயிரிலும் இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நட்டாள். மிச்சப் பாதியும் நிரம்ப மத்தியானமாகிவிட்டது. இடையில் ஒன்பது மணி மாத்திரையையும் மறக்கவில்லை.

மச்சாள், நீங்கள் விட்ட இடத்தை நிரப்பிவிட்டோம். நான் சேற்றில் இறங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தேன், இந்த முறை ஒரு புல்லும் இல்லை. போயிட்டு வாங்க.