ஏழடி நிலை

ராயபுரம் மரக்கடையில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, துறைமுகத்தில் கரி சுமக்கும் ஒருவர் வாசல் நிலைக்கு மரம் வாங்க வந்தார். குள்ளமான ஆள், காது மடலெல்லாம் கரி. நான் டேப்பால் அளந்ததையெல்லாம் தன் முடிச்சுக் கயிற்றால் மறுபடி அளந்தார். நிலைக்கால் இரண்டும் ஏழடி வேண்டும் என்றார்.

“ஏம்பா, உன் உயரத்துக்கு ஆறடி போதாதா? ரெண்டு காலுக்கும் சேர்த்து ரெண்டடி மரம் வீண்.”

“எனுக்கு அஞ்சே போதும், கணக்குப்புள்ள. ரங்கூனுக்குப் போன எங்கண்ணன் ஒசரம். வந்தா தலையில இட்ச்சிக்குவாரு.”

“கடுதாசி வந்துச்சா?”

“சண்டைக்கு மின்னாடி வந்திச்சி.”

யுத்தம் முடிந்து அப்போது ஆறு வருடம். நான் ஏழடி என்றே எழுதினேன். பிறகு அவர் வீட்டுத் தெரு வழியாகப் பதினொரு முறை போயிருக்கிறேன். அண்ணன் வந்தாரா என்று கேட்க ஒரு முறையும் எனக்கு வாய் வரவில்லை.