தேநீர் உண்டு

அம்மா பல்கலைக்கழகத்தின் தகவல் பிரிவில் வேலை பார்த்தாள். பிரிவு என்றால் ஒரே அறை. நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, கூரை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும் அறை. உயரமானவர்கள் முதலில் தலையை இடித்துக்கொள்வார்கள், பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். உள்ளே ஒரு கணினி, ஒரு நகல் இயந்திரம், ஒரு தொலைபேசி. வாரம் ஒருமுறை அங்கிருந்து ‘வளாகச் செய்தி’ வெளியே போகும். முன்னும் பின்னும் அச்சிட்ட ஒற்றைத் தாள். எழுதுவது, அச்சடிப்பது, பலகைகளில் ஒட்டுவது எல்லாம் அவளே. வளாகத்தில் எல்லாருக்கும் அவள் ‘செய்தி அக்கா’. அவளைவிட வயதில் மூத்த துணைவேந்தருக்கும்.

சென்ற மாதம் அம்மா இறந்தாள். இதயம். நான் கருவிப் பொறியாளர். ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அது எப்படி வேலை செய்தது என்றுதான் எனக்குச் சொல்ல வரும். அதைச் சொல்கிறேன்.

தாளுக்கு ஒரு வரிசை உண்டு. மேலே துணைவேந்தரின் கூட்டங்கள். அடுத்து தேர்வு, உதவித்தொகை. நடுவில் ஏலம், ஒப்பந்தம், நூலகக் கணக்கெடுப்பு, சொற்பொழிவுகள். கீழே மின்தடையும் தண்ணீரும். கடைசியில் தொலைந்த பொருட்கள். எல்லாரும் தாளைக் கீழிருந்துதான் படிக்கிறார்கள் என்பதை அம்மா பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். யார் குடையைத் தொலைத்தார்கள், எங்கே தண்ணீர் வராது, அவ்வளவுதான். நடுப்பகுதிக்கு வருவதற்குள் வகுப்பு மணி அடித்துவிடும்.

அவளுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. தான் அறிவித்த எந்தக் கூட்டமும் காலி நாற்காலிகளோடு நடக்கக் கூடாது. ஆள் வராது என்று தோன்றும் கூட்டத்துக்கு அவளே போய் முன்வரிசையில் உட்காருவாள். கைப்பை மடியில். கண் பேசுபவர் மேல். நான் அங்கேயே பொறியியல் படித்தேன். மதியச் சாப்பாடு அவள் அறையில். அதற்கு வாடகை போல என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். பூஞ்சைகள், வரிச் சட்டம், ஒருவர் தன் செலவில் அச்சிட்ட பயணக் கட்டுரை எல்லாம் கேட்டிருக்கிறேன்.

“ஒண்ணும் புரியலம்மா.”

“எனக்கு மட்டும் புரியுதா? பேசறவருக்கு அது தெரியவா போகுது? தலையை ஆட்டுடி.”

வீட்டிலும் அப்படித்தான். சமையலறை வாசலில் நின்று, “இன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. தட்டு கழுவ விரும்புவோர் உடனே வரவும்,” என்பாள்.

அப்பா செய்தித்தாளை இறக்காமல், “மேல் விவரங்களுக்கு யாரை அணுகணும்?” என்பார்.

“உங்க மாமியாரை.”

பாட்டி என் பிறப்புக்கு முன்பே போய்விட்டவர். அப்பா எழுந்து தட்டைக் கழுவுவார்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு மதியம் ஓர் ஆராய்ச்சி மாணவி அம்மாவின் அறைக்கு வந்தாள். உயரமானவள், ஆனால் தலையை இடித்துக்கொள்ளவில்லை. குனிந்தே வந்தாள். மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பது அவள் ஆராய்ச்சி. அவளுக்குப் பேச்சு திக்கும். ககரத்தில் தொடங்கும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அவளுடைய ஆய்வுத் தலைப்போ ‘குழாய்க் கசிவு’.

“வேற தலைப்பு கிடைக்கலையாம்மா?” என்று அம்மா கேட்டாள்.

“கி... கிடைச்சது இதுதான் அக்கா.”

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவளுக்குப் பொது வாய்மொழித் தேர்வு வருகிறது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் ஆய்வை விளக்கிப் பேச வேண்டும். அதை வளாகச் செய்தியில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அந்த ‘யார் வேண்டுமானாலும்’தான் அவள் பயம். போன வருடம் துறைக் கருத்தரங்கில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள். யாரோ சிரித்தார்கள். மேடையை விட்டு இறங்கி நேராக விடுதிக்குப் போய்விட்டாள். இந்த முறை பாதியில் இறங்கினால் பட்டம் இல்லை என்று அவளுடைய வழிகாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“யாரும் படிக்காத இடத்துல போட முடியுமா அக்கா? க... கடைசில, கண்ணுக்குப் படாம?”

“கடைசிலதான் எல்லாரும் படிப்பாங்க. நடுவுல போடறேன். பழைய மேசை ஏலத்துக்கும் நூலகக் கணக்கெடுப்புக்கும் நடுவுல. அங்க உன்னைப் போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்காது. நாலு பேருக்கு மேல வர மாட்டாங்க, போ.”

அம்மா வேலை செய்யும் முறையில் ஒரு பலவீனம் இருந்தது. புதிய தாளைப் புதிதாகத் தொடங்க மாட்டாள். போன வாரக் கோப்பைத் திறந்து, பெயர் மாற்றிச் சேமித்து, பழைய செய்திகளின் மேலேயே புதியவற்றை அடிப்பாள். எழுத்தளவு, வரிசை எல்லாம் தயாராக இருக்கும் என்பது அவள் வாதம். போன வாரம் அதே இடத்தில் நூலகப் புதுப் பிரிவின் திறப்பு விழா இருந்தது. அம்மா தலைப்பை மாற்றினாள். நாள், இடம், பெயர் மாற்றினாள். கடைசி வரி அப்படியே தங்கிவிட்டது.

‘அனைவரும் வருக. தேநீர் உண்டு.’

திங்கட்கிழமை தாள் பலகைகளில் ஏறியது. நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தொலைபேசி அடித்தது. ஆண்கள் விடுதியிலிருந்து ஒரு குரல், “அக்கா, புதன்கிழமை டீயோட பிஸ்கட்டும் உண்டா?” என்று கேட்டது.

அம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

“ஒரு திருத்தம் போட்டுடும்மா,” என்றேன்.

“திருத்தம்னு போட்டா, இதுவரைக்கும் படிக்காதவனும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வருவான். அந்தப் பொண்ணு பேரு ஊரெல்லாம் ஆகும். வேண்டாம்.”

வாசலில் கேண்டீன் மாஸ்டர் வந்து நின்றார்.

“என்னக்கா, என்னைக் கேக்காமலே விருந்து வச்சுட்டீங்க? காலைலேருந்து பசங்க என் உயிரை வாங்கறாங்க.”

“கை தவறிடுச்சுப்பா.”

“கை தவறி உப்புப் போடுவாங்க. டீயா போடுவாங்க?”

அவருக்குப் பின்னாலேயே அந்த மாணவி. கையில் தாள், நான்காக மடித்தது. அழவில்லை. அந்த முகத்தை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என் தப்பும்மா. உன் தப்பு ஒரு துளி இல்ல. டீ உண்டுன்னு போட்டிருக்கேன். எங்கேன்னு போடலையே?” மாஸ்டர் பக்கம் திரும்பினாள். “அரங்குக்குப் பின்னாடி, மரத்தடியில, சரியா பத்து மணிக்கு அண்டாவை இறக்கிடு. கேக்கும் வை. டீயைப் பாத்தவன் அதைத் தாண்டி உள்ள போக மாட்டான்.”

“அண்டா, கேக்கு, ரெண்டு ஆளு. எனக்கு என்னக்கா கிடைக்கும்?”

“கேண்டீன் நேரம் மாறினா இனிமே தடித்த எழுத்துல போடறேன்.”

“கட்டம் கட்டி?”

“கட்டம் கட்டி.”

மாஸ்டர் போனார். நல்ல திட்டம்தான். ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது அம்மாவுக்குக் கைவந்த கலை.

புதன்கிழமை காலை மழை பெய்தது.

மரத்தடியில் கூடியவர்கள் தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரங்குக்குள் ஓடி வந்தார்கள். மாணவர்கள், எழுத்தர்கள், துப்புரவுப் பெண்கள், கேட் வாட்ச்மேன். கடைசியாக, மாஸ்டரும் அவருடைய ஆட்களும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வரிசைக்குப் பின்னால் இறக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மேடையில் உட்கார்ந்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “எங்க பல்கலைக்கழகத்துல மூணு பேரு வந்தாலே பெருசு. இங்க ஆராய்ச்சிக்கு இவ்வளவு மதிப்பா?” என்று வழிகாட்டியிடம் கேட்டார். வழிகாட்டி அடக்கமாகப் புன்னகைத்தார்.

அந்த மாணவி பக்கத்து அறையில் இருந்தாள். கதவிடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் போனோம்.

“நாலு பேருன்னு சொன்னீங்க அக்கா.”

“சொன்னேன். தோத்துட்டேன். இப்ப என்ன செய்யணும்னு நீ சொல்லு. எல்லாரையும் மழையில அனுப்பணும்னா நான் போய்ச் சொல்றேன். நனைஞ்சா கரைஞ்சிட மாட்டாங்க.”

அம்மா சும்மா சொல்லவில்லை. அவள் சொன்னால் போயிருப்பார்கள்.

மாணவி மறுபடி எட்டிப் பார்த்தாள். யாரோ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேக் வெட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்கள்.

“அவங்க என்னைப் பாக்க வரல.”

“சத்தியமா இல்ல. டீக்கு வந்தவங்க.”

“அப்ப என்னைக் க... கவனிக்க மாட்டாங்க.”

“பாதிப் பேரு கவனிக்க மாட்டாங்க. இதுல எனக்கு நிறைய அனுபவம் இருக்கு. மீதிப் பேருக்குப் புரியாது. அதுலயும் எனக்கு அனுபவம் இருக்கு.”

அவள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டாள். ‘கு’ வந்தது. அடுத்தது வரவில்லை. அரங்கம் மெல்ல அமைதியானது. பின்னால் ஒரு பையன் களுக் என்றான். முன்வரிசையில் என் பக்கத்தில் அம்மாவின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. ஆனால் முகம் அசையவில்லை. பூஞ்சைக்காரருக்கும் வரிச் சட்டக்காரருக்கும் காட்டிய அதே முகம். பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது.

“சிரிக்கிறவன் டம்ளரை வச்சுட்டுச் சிரி. சிந்துது பாரு.”

எல்லாரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையை யாரும் பார்க்காத அந்தச் சில நொடிகளில் ‘குழாய்’ வெளியே வந்தது. அவள் மேலே போனாள். மறுபடி நின்றாள். மறுபடி போனாள். திக்கல் எங்கும் போய்விடவில்லை. அவள் இறங்காமல் நின்றாள், அவ்வளவுதான். நேரம் நிறைய ஆனது. ஒரு சொல்லுக்காக அவள் நிற்கும்போதெல்லாம் மழைச் சத்தம் கேட்டது.

முடிந்ததும் தேர்வாளர், “பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்,” என்றார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், கூட்டம் முடிந்துவிடும். கேட் வாட்ச்மேன் டம்ளரோடு எழுந்தார்.

“எங்க குவார்ட்டர்ஸுக்குப் பின்னாடி மழையே இல்லாத நாள்லகூட மண்ணு ஈரமா இருக்கும்மா. நீ சொல்ற மாதிரி சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?”

“என்ன கு... குழாய் அது? இரும்பா, பிளாஸ்டிக்கா?”

“அது யாருக்குத் தெரியும்? நான் வரதுக்கு முன்னாடி புதைச்சது.”

அவள் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். இரும்பில் ஒலி எப்படி ஓடும், பிளாஸ்டிக்கில் எப்படிச் சாகும் என்று வரைந்தாள். அதற்குள் ஒரு எழுத்தர் தன் வீட்டுக் குளியலறையைப் பற்றிக் கேட்டார். துப்புரவுப் பெண் ஒருத்தி விடுதித் தொட்டி நிறையவே நிறையாத கதையைச் சொன்னாள். மாஸ்டர் கேண்டீன் தண்ணீர் மீட்டர் நிற்காமல் ஓடுவதைச் சொன்னார். மாணவி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ‘க’வில் நின்றாள், கையைக் காட்டி ‘பொறுங்கள்’ என்றாள், தொடர்ந்தாள். அவள் சட்டைக் கையெல்லாம் சுண்ணப்பொடி. கடைசியில் தேர்வாளரே எழுந்து, “போதும், போதும். நான் ஊருக்குப் போகணும். பட்டத்தை வாங்கிக்கோங்கம்மா,” என்றார்.

நான் வெளியே வந்தபோது தரை காய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அவள் ஓர் ஒலிவாங்கியையும் காதுக் கருவியையும் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் போனாள். அடுத்த வளாகச் செய்தியில், எல்லாரும் படிக்கும் கடைசிப் பகுதியில், அம்மா போட்டாள்: ‘ஊழியர் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை தண்ணீர் வராது. கசிவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவருக்கு நன்றி.’ தடித்த எழுத்து, கட்டம் கட்டி. மாஸ்டர் வந்து சண்டை போட்டார்.

அம்மா அதன் பிறகும் போன வாரக் கோப்பின் மேலேயேதான் அடித்தாள். ஓய்வு பெற்ற பிறகும் காலிக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தாள், இப்போது அப்பாவை இழுத்துக்கொண்டு. அப்பா தூங்குவார். தூக்கத்திலும் தலை ஆடும் என்பதால் அம்மா அவரை எழுப்பியதில்லை.

தகவல் பிரிவில் இப்போது இருக்கும் இளைஞர் நேற்று எனக்கு ஒரு வரைவு அனுப்பினார். அம்மாவுக்கு வளாகத்தில் இரங்கல் கூட்டம். தாளின் உச்சியில் கறுப்புக் கட்டம், படம், நாள், இடம். சரிபார்த்துச் சொல்லச் சொன்னார். அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“எல்லாம் சரி. டீ எங்க?”

“இரங்கல் கூட்டத்துக்கு யாருப்பா அதைப் போடுவாங்க?”

“உங்க அம்மாவுக்குக் காலி நாற்காலி ஆகாது.”

அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். செய்தியைக் கீழே, தொலைந்த பொருட்களுக்கு நேர் மேலே நகர்த்தச் சொன்னேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். “மேடம், தப்பா நினைக்க மாட்டாங்களா?” என்றார். மாட்டார்கள் என்றேன்.

இன்று காலை தாள் வெளியானது. சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. நான் துண்டிக்கவில்லை. காத்திருந்தேன்.

“கூ... கூட்டத்துல நான் பேசறேன்,” என்றாள். அவள் இப்போது அதே துறையில் பேராசிரியர். “ஆனா எனக்கு நேரம் ஆகும்.”

“ஆகட்டும். டீ இருக்கு.”

அவள் சிரித்தாள். நானும். அம்மா போன பிறகு முதல் முறை.

கூட்டம் புதன்கிழமை. நாற்காலிகளைக் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா மாஸ்டரிடம் கேக்கும் சொல்லிவிட்டார்.