பெரியது ஆண், சின்னது பெண்

ஜெர்மனியில், ஹம் நகரின் வயோதிபர் இல்லமொன்றில் என்னோடு வேலை பார்த்த ஜெர்மன் பெண் ஒருத்தி, பெர்லினுக்குக் குடிபெயர்ந்தபோது தன்னுடைய இரண்டு பாம்புகளையும் என்னிடம் விட்டுப் போனாள். விஷமில்லாத சோளப்பாம்புகள். செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள்.

"பெரியது ஆண், சின்னது பெண். சின்னது இன்னும் வளர வேண்டும். அதுவரை ஒன்றாக விடாதே" என்று சொல்லி, இரண்டு கண்ணாடிப் பெட்டிகளையும் எங்கள் வரவேற்பறையில் இறக்கி வைத்தாள். ஏன் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்குள் உயிருள்ள ஏதாவது அசைந்தால் நல்லது என்று தோன்றியிருக்கலாம்.

கணவர் தொழிற்சாலையிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"உதை ஏன் இஞ்சை கொண்டந்தனீர்?"

"பாவமப்பா. ஒரு மாசம் வைச்சிருப்பம். பிறகு ஆருக்கும் குடுப்பம்."

நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாம்பை அடிக்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள், உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டுகிறவர் அவராகவே ஆகிவிட்டார். வேலையால் வந்ததும் பெட்டிகளின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம். விசா கிடைத்து நான் ஜெர்மனிக்கு வந்து சேரவே இளமையில் பாதி போய்விட்டிருந்தது. எனக்கு வயது முப்பத்தாறு. கணவரின் அக்கா கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார்.

"என்ன, விசேஷம் ஏதும் இருக்கோ?"

"இல்லை மச்சாள்."

"வயசு போகுதல்லோ. டொக்டரிட்டைக் காட்டினனியோ?"

காட்டியிருந்தேன். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் கணவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "ஓம், பாப்பம்" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. குறை என்னிடம்தான் இருக்கும் என்று எல்லாரையும்போல நானும் நம்பியிருந்தேன்.

பாம்புகள் வந்து ஒரு வருடம் கழித்து, சின்னதை டோர்ட்மண்டில் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்று கணவர் சொன்னார். அதற்கு மூன்று வயது நிரம்பிவிட்டது, இனிச் சேர்த்து விடலாமா என்று கேட்க வேண்டும் என்றார். தலையணை உறைக்குள் பாம்பை விட்டு, அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிரே இருந்த ஜெர்மன் மூதாட்டி, கேக்கா என்று கேட்டாள். அவர் ஓமென்று தலையாட்டினார்.

வைத்தியர் நரைத்த தலைமுடியுள்ள பெண்மணி. பாம்பை நிறுத்துப் பார்த்தார், நாடாவால் அளந்தார், முதுகெலும்போரம் விரலால் தடவினார்.

"வயதைச் சொல்லாதீர்கள். பாம்பு வயதால் பருவமடைவதில்லை. நீளமும் எடையும்தான் கணக்கு. நன்றாகத் தின்றது சீக்கிரம் வரும், சரியாகத் தின்னாதது காலம் எடுக்கும். இவ்வளவு சின்ன உடம்பில் முட்டை உருவானால் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். செத்துப்போவாள்."

"பொறுத்திருப்பம்" என்றார் கணவர் என்னிடம், தமிழில். பெரியதையும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அதுதான் ஆண், அதுதான் பெரியது.

அடுத்த வசந்தத்தில் பெரியது இரை தின்னாமல் விட்டது. பெட்டியின் கண்ணாடியோரம் ஓயாமல் ஊர்ந்தது. இணை தேடும் காலத்தில் ஆண் பாம்பு அப்படித்தான் என்று கணவர் எங்கேயோ வாசித்திருந்தார். "இவருக்குக் காலம் வந்திட்டுது" என்று சிரித்தார். பிறகு அது தோல் உரித்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் கேட்டது.

"இஞ்சை வந்து பாரும்! இவர் முட்டையெல்லோ போட்டிருக்கிறார்!"

மரப்பட்டைக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டியபடி மஞ்சள் நிறத்தில் சிறிய முட்டைகள். பெரியது அவற்றைச் சுற்றிப் படுத்திருந்தது.

இரண்டையும் கொண்டு ஓடினோம். வைத்தியர் நுனி மழுங்கிய மெல்லிய கம்பியொன்றை வாலடியில் மெதுவாகச் செலுத்திக் காட்டினார். ஆணாக இருந்தால் அது ஆழமாக இறங்குமாம். இரண்டு பாம்புகளிலும் உடனே தடுத்து நின்றது. இரண்டும் பெண். ஆணோடு சேராமல் இட்ட முட்டைகளில் உயிர் இல்லை என்றார். "பெரியது பருவமடைந்துவிட்டதை அதுவே சொல்லிவிட்டது. இதை முன்பு யாரும் பரிசோதிக்கவில்லையா?"

"இல்லை" என்றார் கணவர். "எல்லாரும் ஆண் எண்டு சொன்னவை."

திரும்பி வரும் ரயிலில் இரண்டு பாம்புகளையும் அவரே மடியில் வைத்திருந்தார். ஹம் வருவதற்குச் சற்று முன்பு, யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நானும் ஒருக்கா டொக்டரைப் பாக்க டெர்மின் எடுக்கிறன்."

நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளை இல்லாததற்குக் காரணம் அவரிடம் இருந்தது. பரிசோதனை முடிவைக் கேட்டபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அடுத்த கணமே, அவர் முகத்தைப் பார்த்ததும், அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன். அந்த ஞாயிறு அக்கா எடுத்தபோது தொலைபேசியை என் கையிலிருந்து அவரே வாங்கினார். "அக்கா, பிரச்சினை என்னிலைதான். இனி இவவைக் கேக்காதேங்கோ."

செயற்கைக் கருத்தரிப்புக்கு இரண்டு முறை முயன்றோம். ஒவ்வொரு டெர்மினுக்கும் அவர் கூட வந்தார், வேலையில் லீவு கேட்டுக்கொண்டு. இரண்டாவது முறையும் சரிவரவில்லை என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பஸ்கள் வந்து போயின. என் அழுகை நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் அவரும் அழுதிருக்கிறார் என்று கண்டேன்.

"பசிக்குதப்பா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். வீட்டுக்குப் போய் நான் புட்டு அவித்தேன், அவர் சம்பல் இடித்தார்.