கண்ணை மூடிச் சுற்றிய மாவளி

கரிந்த பனம்பூவின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாகத் தலையைத் தடவிப் பார்க்கும். மாவளி சுற்றுகிறவன் நடுவில் நிறுத்தினால், வெளியே பறக்கிற நெருப்புப் பொறியெல்லாம் திரும்பி வந்து அவன் தலையிலேயே கொட்டும் என்று நான் நம்பியிருந்ததுதான் காரணம். சொன்னவன் பெரியப்பா மகன் குமார் அண்ணன். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கயிறு கட்டுவதில் எங்கள் தெருவுக்கே அவன்தான் "என்ஜினீயர்" என்பதால், சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம், செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குடியிருந்தது. தாடி வைத்த அப்பா, எதைக் கண்டாலும் கும்பிடுகிற அம்மா, என் வயதில் லீனா. மூவருக்கும் சேர்த்துத் தெரிந்த தமிழ் "சரி", "நல்லா இருக்கு", "காரம் வேணாம்". கார்த்திகைக்கு அவர்களும் மாவளி சுற்றப்போகிறார்கள் என்றதும் நான் வாத்தியாராகிவிட்டேன். "நான் எப்படிச் செய்றனோ அப்படியே செய்யணும்" என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். "சரி" என்றாள் லீனா. நானே அதுவரை ஒரு மாவளியும் சுற்றியதில்லை என்பதை மட்டும் விளக்கவில்லை.

மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் பின்பக்கக் கொல்லையில் இறங்கினோம். குமார் அண்ணன் நால்வருக்கும் பற்றவைத்துக் கொடுத்து, என் காதில் "நிறுத்தின, அவ்ளோதான் மவனே" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு அடுத்த தெருவுக்கு ஓடிவிட்டான். சுற்றினேன். பொறி என்னைச் சுற்றி வேலி போட்டதுபோல் எழும்பியது. நிறுத்தினால் தலை போகும், கயிற்றை விட்டால் பக்கத்து வீட்டு வைக்கோல் போர் போகும், அழுதால் லீனாவுக்கு முன்னால் மானம் போகும். மூன்றில் எதை விடுவது என்று தெரியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மூடியதும் பயம் ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை. இனி ஆயுசுக்கும் இந்தக் கொல்லைதான் என்று முடிவாகிவிட்டது. சோறு? அம்மா துரட்டிக்கோலில் கட்டித்தான் நீட்ட வேண்டும். கல்யாணம்? ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் தாலி கட்டினால் எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்? சுற்றிலும் படபடவென்று பொறி வெடிக்கும் சத்தம். என்னுடையதா அவர்களுடையதா தெரியவில்லை. "நல்லா இருக்கு! நல்லா இருக்கு!" என்று தாடிக்காரர் கூவினார். நான் சாகக் கிடக்கிறேன், இவருக்கு நல்லா இருக்காம்! தோள் கழன்று விழப்போகிற நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"டேய் எருமை, அது அணைஞ்சு எவ்ளோ நேரமாவுது! என்னத்தடா சுத்திக்கினு இருக்க?"

"நிறுத்தினா தலையில கொட்டும்மா!"

"கொட்டாது, பொரி உருண்டைதான் நமுத்துப் போவுது. முதல்ல கண்ணைத் தொற. பாவம், அவங்களையும் இப்படி ஆக்கி வெச்சிருக்கியே!"

திறந்தேன். கொல்லை இருட்டாக இருந்தது. ஒரு மாவளியிலும் பொறி இல்லை. லீனா, அவள் அப்பா, அவள் அம்மா மூவரும் என்னைப் போலவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அணைந்த மட்டையை மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கொல்லை இப்போது ஒரு கஃபேயின் ஸ்கூட்டர் நிறுத்துமிடம். வைக்கோல் போர் இருந்த இடத்தில் லாட்ஜ். போன கார்த்திகைக்கு லீனா தன் ஊரிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பனியில் நின்று அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எதையோ கொளுத்திச் சுற்றுகிறார்கள். இரண்டும் கண்ணை மூடியிருக்கின்றன.