பாதிப் படியில் நின்ற கதை

என் வீட்டுக்காரருக்கு வாய் ஓயாது. வீடு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். சாமான் தூக்குகிற மற்றவர்களைத் தோளை வைத்து அடையாளம் சொல்வார்கள். இவரை மட்டும் வாயை வைத்துத்தான் சொல்வார்கள். "அந்தக் கதைக்காரர் வருவாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதியே குறிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணாடி ஒன்று உடையாமல் பார்த்துப் பார்த்துப் பழைய காகிதத்தில் சுற்றி அடுக்குகிறவள் நான். என்னை யாரும் விசாரித்ததில்லை.

தூக்குவது அவரும் என் தம்பியும். வண்டிக்கு ஒரு டிரைவர் உண்டு. ஸ்டியரிங்கைத் தவிர எதையும் தொட மாட்டார். ஒரு கை கொடுங்கள் என்றால் உடனே இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

பீரோ மாடி ஏறும்போது இவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. மேல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறுவது இவர். கீழ்ப் பக்கத்தைத் தாங்குவது தம்பி. முதல் படியில் கால் வைக்கும்போது இவர் கதையை ஆரம்பிப்பார், கடைசிப் படியில் முடிப்பார். இவர் பேச்சு போகிற வேகத்தில் தம்பியின் கால் போகும். நடுவில் எதுவும் நிற்கக் கூடாது, கதையும் சரி, பீரோவும் சரி. பீரோவைத் தரையில் இறக்கி வைக்கும்வரை சிரிக்கவும் கூடாது. சிரித்தால் கை நழுவும் என்பது இவர் போட்ட சட்டம்.

கதைகளில் பெரியது சோம்பேறிப் புருஷன் கதை. வீடு மாற்றுகிற அன்று ஒரு மகராசன், வேலை செய்யப் பயந்து பீரோவுக்குள் ஏறி ஒளிந்துகொள்கிறான். தூக்குகிறவர்கள் ஒவ்வொரு மாடியிலும் "என்னய்யா இந்தக் கனம் கனக்குது" என்று புலம்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்ச தூரம்தான், மெதுவா, மெதுவா" என்று குரல் வருகிறது. மேலே பிடித்தவன் கீழே இருப்பவன் பேசுகிறான் என்று நினைக்கிறான். கீழே இருப்பவன் மேலே இருப்பவன் என்று நினைக்கிறான். இவர் மூன்று குரலிலும் பேசிக்கொண்டே ஏறுவார், முதுகுக்குப் பின்னால் படி இருக்கிற நினைப்பே இருக்காது. எத்தனை தடவை கேட்டாலும், பெட்டியைக் கட்டிக்கொண்டே நான் காதை அங்கேதான் வைத்திருப்பேன். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தாங்க முடியாது.

முதலில் இருமல்தான் வந்தது. வறட்டு இருமல், சளி என்று பெயருக்குக்கூட இல்லை. மருந்துக்கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கினேன், அது தீர்ந்ததும் இன்னொன்று.

"எல்லாம் உன்னாலதான். நீ காகிதத்தை உதறுற உதறுல தெருவே இருமுது," என்றார்.

உதறுவதை நிறுத்தினேன். இருமல் நிற்கவில்லை.

பிறகு கதைகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. முழு மாடிக்கு ஒரு கதை என்பது போய், பாதி மாடியில் முடிகிற துணுக்குகளாகச் சொல்ல ஆரம்பித்தார். மீதிப் படிகளைச் சும்மாவே ஏறினார்கள். தம்பி என்னிடம் தனியாக வந்து, "அக்கா, மாமாவுக்குச் சரக்கு தீந்துபோச்சு போல. நான் ரெண்டு ஜோக் கேட்டு வச்சிருக்கேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கோவிச்சுக்குவாரோ?" என்றான். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, அவர் மனம் நோகாமல் அவருக்குப் புதுக்கதை கொடுப்பது எப்படி என்று யோசித்தோம். எங்கள் புத்தி அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. முன்பெல்லாம் தடதடவென்று ஏறி வருகிறவர், மாடிக்கு மாடி நிற்க ஆரம்பித்தார். எதிர் வீட்டுச் செடி வாடுகிறது என்பார், யாருடைய மின்சார மீட்டரையோ குனிந்து பார்ப்பார். எதிர் வீட்டுச் செடிமேல் இவருக்கு என்ன திடீர் அக்கறை என்று நான் கத்தினேன். சிரித்து மழுப்பினார். சாப்பிட்டதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

கையுறை விஷயம் இன்னும் வேடிக்கை. வேலைக்குப் போடுகிற கையுறையில் மணிக்கட்டில் பிரித்து ஒட்டுகிற பட்டை ஒன்று இருக்கும். சாயங்காலம் வாசலில் நின்று அதைச் சரசரவென்று பிரிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அந்தக் கையுறை விரல் நுனியில் இறுக்குகிறது என்றார். புதிது வாங்கினேன், அதுவும் இறுக்கியது. கடைக்காரனிடம் போய், "அளவு போடத் தெரியாதவன் எல்லாம் கையுறை தைக்கிறான்" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர், நான்காவது மாடிக்குக் குடிபோகிறார். "அந்தச் சோம்பேறிக் கதையைச் சொல்லுங்க, கேட்டு எவ்வளவு நாளாச்சு," என்று ஆசையாகக் கேட்டார். இவரால் மறுக்க முடியவில்லை. முதல் மாடி நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது மாடி தாண்டும்போது, "உள்ளேருந்து ஒரு குரல், இன்னும் கொஞ்ச..." என்றார். அவ்வளவுதான். குரலும் நின்றது, காலும் நின்றது. தம்பி பழக்கத்தில் அடுத்த படியில் கால் வைத்துவிட்டான். பீரோவின் மூலை சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் கீழேயிருந்து ஓடினேன். பீரோவைப் படியில் இறக்கிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, மாமா கதைய பாதியில விட்டுட்டாரு," என்றான். பீரோவைப் பற்றி அவன் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"வயசாகுதுல்ல..."

"உங்க வயசு எனக்குத் தெரியும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

கையுறைப் பட்டையை ஒட்டினார், பிரித்தார், மறுபடி ஒட்டினார். பிறகு, "டாக்டர்கிட்ட போனா தூக்கக் கூடாதுன்னு சொல்லிருவாங்க. தூக்காம நான் யாருக்கு வேணும்?" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எனக்கு வேணும். நான் என்ன உங்க தோளையா கட்டிக்கிட்டேன்?" என்று எகிறினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குப் போலாம்," என்றார்.

டாக்டர் அம்மாவுக்குப் பொறுமை அதிகம். புகை பிடிப்பாரா என்று கேட்டார். இல்லைங்க, பேச்சு ஒன்றுதான் என்றேன். இவருடைய கையை வாங்கிப் பார்த்தார். இரண்டு கை விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்க்கச் சொன்னார். என்னையும் சேர்க்கச் சொன்னார். என் நகங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு சந்து, அதில் வெளிச்சம் தெரிந்தது. இவருடையதில் சந்தே இல்லை. விரல் நுனி உருண்டு, நகம் வளைந்து இறங்கியிருந்தது. தினமும் நான் நீட்டுகிற சோற்றுத் தட்டை வாங்குகிற கை, இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. கையுறைக் கடைக்காரன் பாவம் என்று அப்போதுதான் தோன்றியது.

பிறகு இவர் முதுகில் ஸ்டெதஸ்கோப் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்னங்க கேக்குது?" என்றேன்.

"நீங்களே கேளுங்க," என்று என் காதில் மாட்டிவிட்டார். இவர் மூச்சை இழுக்க இழுக்க, முடிகிற இடத்தில் சரசரவென்று ஒரு சத்தம். வாசலில் நின்று கையுறைப் பட்டையைப் பிரிக்கிற அதே சத்தம். இத்தனை நாள் அவர் வீடு வந்துவிட்டார் என்று எனக்குச் சொன்ன சத்தம், அவருடைய நெஞ்சுக்குள் கேட்டது. நான் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள், நடக்க வைத்தார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.

"சரியாயிருமா?"

"விழுந்த தழும்பு போகாதும்மா. மேல விழுறதை மருந்தால மெதுவாக்கலாம். ரொம்ப முத்துறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துட்டீங்க, அது நல்லது. தூசி கூடாது, கனம் தூக்கக் கூடாது. நடக்கணும், மூச்சு வாங்கினா நிக்கணும். நிக்கிறதுக்கு வெக்கப்படக் கூடாது."

கடைசி வார்த்தையை அவர் இவரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். ஊரையெல்லாம் மாற்றி வைத்த எங்களுக்கு எங்கள் வீட்டை மாற்றும் நாள் வந்தது. இவர் ஒரு தலையணையைக்கூடத் தொடக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் கல்யாண பீரோவின் மேல் பக்கத்தைத் தம்பி பிடித்தான். கீழ்ப் பக்கத்துக்கு ஆள் தேடினால், டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வந்து குனிந்தார். இடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

இவர் தலையணை தூக்காத பெரிய மனிதராகக் கைப்பிடியைப் பிடித்து முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். தம்பி முதல் படியிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, கதை?"

இவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்லுங்க," என்றேன்.

ஆரம்பித்தார். ஒரு வரி, ஒரு மூச்சு. இரண்டு படி, ஒரு நிறுத்தம். அவர் நின்றபோதெல்லாம் பீரோவும் நின்றது. நடுப்படியில் அவருக்கு இருமல் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது, டிரைவருக்கு வியர்வை ஊற்றியது.

"கீழ வைங்கப்பா, கை போயிரும்," என்றேன்.

"பரவால்லக்கா. மாமா முடிக்கட்டும்," என்றான் தம்பி.

எத்தனையோ வீடுகளில் நிற்கவே நிற்காத பீரோ, அந்த ஒரு மனிதரின் மூச்சு திரும்பி வருவதற்காக அந்தரத்தில் காத்திருந்தது. நான் தலையணைகளை அணைத்துக்கொண்டு மேலேயே நின்றேன்.

கடைசிப் படியில் அவர் முடித்தார். "பீரோவைத் தொறந்தா... உள்ளேருந்து அவன் எறங்கி... வேர்வையைத் தொடச்சுக்கிட்டு சொன்னான்... நின்னுக்கிட்டே வந்ததுல காலெல்லாம் வலிக்குது... யாராச்சும் கொஞ்சம் அமுக்கி விடுங்கப்பா."

சட்டப்படி யாரும் சிரிக்கவில்லை. பீரோவைத் தரையில் வைத்த பிறகுதான் தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். டிரைவர் கதையை முதல்முறையாகக் கேட்டவர்போல் உட்கார்ந்து சிரித்தார்.

நான் இறங்கி வந்து இவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"கதை ரொம்ப நீளமாயிருச்சுல்ல?" என்றார்.

"இருக்கட்டும்," என்றேன். "நான் எங்கயும் போக வேண்டியதில்ல."