வி.பி.என். தேடி வி.பி.எம். போனேன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேஸை மூடினேனா, கடைப் பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். திண்டிவனத்தில் ஜாக்கெட் தைக்கும் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது ஒரு கேலி.

பல வருடமாக என்னிடம் தைக்கிற டீச்சர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு ஏழு ஜாக்கெட் துணி கொண்டுவந்தார். பையை மேஜைமேல் வைத்தார், கையை எடுக்கவில்லை.

"ஏங்க, போன தடவ பொண்ணு போட்டுப் பாத்த போட்டோ, அளவு எல்லாம் உங்க போன்லதானே இருக்குது? வெளிய போயிடாதே? ஒரு வி.பி.என். கூடப் போடாமலா வச்சிருக்கீங்க?"

"போட்டுடறேங்க டீச்சர்."

"போட்டுட்டுச் சொல்லுங்க, துணி தர்றேன்." பை திரும்பிப் போய்விட்டது. ஒரு வீட்டுப் பேச்சு நாலு தெருவுக்குப் போகும்.

என் காதில் விழுந்தது வி.பி.எம். லைனிங் துணி மூட்டைமேல் மையால் எழுதியிருக்குமே, விழுப்புரத்துக்குச் சுருக்கம், அது. அங்கே போய்ப் போடுகிற ஏதோ ஒன்று என்று நினைத்து மறுநாளே பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. "தம்பி, போன்ல வி.பி.எம். போடணும்."

கடைக்காரர் நிமிர்ந்தார். "அதுலதான்க்கா நின்னுக்கினு இருக்கீங்க!"

கடையே சிரித்தது. கடைசி எழுத்து எம் இல்லை, என் என்று சொல்லிவிட்டு, என் போனை வாங்கி எதையோ ஏற்றினார். "ஃப்ரீதான்க்கா. நெட்டுல நீங்க எங்க போறீங்கன்னு நெட்டு குடுக்கறவனுக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

கழுத்தைச் சொறிந்தார். "வி.பி.என். வச்சிருக்கறவனுக்குத் தெரியலாம்."

"அப்ப பஸ் மாறி ஏறினேன், அவ்ளோதானே? எங்க இறங்கறேன்னு பழைய கண்டக்டருக்குத் தெரியாது, புது கண்டக்டருக்குத் தெரியும். அந்தப் புது ஆளு யாரு, எந்த ஊரு?"

தேடினார். பேரும் இல்லை, ஊரும் இல்லை. அதற்குள் திரையில் ஏதோ வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: போட்டோக்களைப் பார்க்க அனுமதி.

"வழியை மறைக்கறவனுக்கு என் போட்டோ எதுக்கு?" மறுப்பு என்பதைத் தொட்டேன். ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி அதையே கேட்டது. சிரித்தவர்கள் இப்போது எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் விடவில்லை. கறுப்புப் பெட்டி ஒன்றை நகர்த்தினார். "அப்ப இத எடுங்க. பிரைவசி போன், யாரும் உள்ள பூர முடியாது."

"எத்தினி வருஷம் அப்டேட் வரும்? அது நின்னா பூட்டு துருப்புடிச்ச மாதிரின்னு சொல்றாங்களே?"

பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார். எங்கேயும் போடவில்லை.

"இதுலயும் ஒரு ஆப்புக்கு நான் அனுமதி குடுத்தா?"

"அது பாக்கும்க்கா."

"பூட்டுதான் புதுசு. சாவியத் தூக்கிக் குடுக்கறது நான்தானே?"

நல்ல போனும் நல்ல வி.பி.என்.னும் இருக்கலாம். தான் யார் என்று சொல்லாதவனை மட்டும் நான் நம்பத் தயாரில்லை. அந்த ஆப்பை அழித்தேன். கிளம்பும்போது பார்த்தேன், கடைக்காரர் தன் போனிலிருந்தும் அதே ஆப்பை அழித்துக்கொண்டிருந்தார். "ஜல்தியா கிளம்புங்கக்கா, இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா என் யாவாரம் பேஜாரு!"

திரும்பும் பஸ்ஸில் எந்தெந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டார்ச் லைட் ஆப்புக்குக்கூட என் போட்டோ வேண்டியிருந்திருக்கிறது! அந்த அனுமதியைப் பிடுங்கினேன். தைத்து முடிந்தவர்களின் போட்டோவையெல்லாம் அழித்தேன். பயந்தவள்தான் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அன்றைக்கு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் டீச்சர் அதே துணிப் பையோடு வந்தார். "வி.பி.என். போடலைங்க," என்றதும் முகம் மாறியது. "அது போற வழியத்தான் மறைக்கும். போட்டோ போன்லயே கெடக்குது, அத நாமதான் காக்கணும்." செய்ததையெல்லாம் காட்டினேன். இனி கழுத்துக்குக் கீழேதான் படம், துணி கைமாறின அன்றைக்கே அழிப்பேன் என்றேன்.

தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "என்னுதையும் கொஞ்சம் பாருங்க."

"உக்காருங்க டீச்சர்," என்றேன். துணிப் பை மேஜைமேல் இருந்தது. அவர் கை அதன்மேல் இல்லை.