பத்து இஞ்ச் சப்வூஃபர்

ஓய்வுபெற்ற பின், பாட்டுக் கேட்கையில் அடி அதிர்வொலி போதவில்லை என்று கண்டியில் மலிவான சப்வூஃபர் பெட்டி தேடினேன். "சின்ன வீட்டுக்கு எட்டு இஞ்ச் காணும், சேர்," என்றார் கடைக்காரர். அதே விலையில் பத்து இஞ்ச்சும் இருக்கவே, அதை வாங்கி வந்து, அதிர்வு கூடட்டும் என்று சுவர் மூலையில் வைத்தேன்.

சுவருக்கு அப்பால் என் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த கலஹா ஊர்ப் பெண், பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் இரவுநேரத் தையல் வேலை செய்பவள்.

"பகல்லதான் தூங்குறேன் ஐயா. கொஞ்சம் தள்ளி வைங்களேன்."

"என்ர வீட்டில நான் நினைச்ச இடத்தில வைப்பன், பிள்ளை."

மூன்றாம் வாரம் வேலையில் தையல் இயந்திரத்தின் முன் கண்ணயர்ந்தாள். ஊசி விரலைத் துளைத்தது, வேலையும் போயிற்று. கட்டுப்போட்ட கையால் அறைச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"இனி நல்லா சத்தமா வைங்க ஐயா. அந்தப் பக்கம் ஆளில்ல."

நகர்த்த இடம் இருந்தது. வாடகைக்காரி சொல்லி நான் கேட்பதா என்றுதான் நகர்த்தவில்லை.